ஏற்காட்டில் கேஸ் கீசர் காலையில் மட்டும் சூடாக மாட்டேன் என்கிறது, கன்ட்ரோல் யூனிட் மாற்றத்தான் வேண்டுமா?

மஞ்சக்குட்டை:

எல்லோருக்கும் வணக்கம். மார்கழி பிறந்ததில் இருந்து எங்கள் வீட்டு கேஸ் கீசரோடு பெரிய போராட்டமாக இருக்கிறது. ஆறு லிட்டர் கீசர், பாத்ரூமுக்கு வெளியே பின்பக்கத் தாழ்வாரத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம், அதற்கென்று தனியாக ஒரு 14.2 கிலோ சிலிண்டர். காலையில் குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று ஸ்பார்க் அடிக்கிறது, உடனே பற்றிக்கொள்கிறது, முதலில் குளிக்கிற ஆளுக்கு ஓரளவு வெந்நீர் கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆள் போய் நின்றால் தீ கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்து அணைந்துவிடுகிறது, மறுபடி டிக் டிக், பற்றினாலும் வெதுவெதுப்புதான். இதே கீசரை மதியம் திறந்தால் ஒரு குறையும் இல்லை, கை வைக்க முடியாத சூடு.

பேட்டரி புதிதாகப் போட்டாயிற்று. அடுப்படியில் வேறு சிலிண்டர், அது நன்றாக எரிகிறது. கீழே டவுனில் இருந்து வந்த சர்வீஸ் ஆள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோல் யூனிட் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார். அவர் சொல்கிற தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுக் கீசரே வந்துவிடும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மார்கழி மாதம் விடிவதற்கு முன்னால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார்கள், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்கள். இந்தக் குளிரில் பாதிக் குளியலில் பச்சைத் தண்ணீர் வந்தால் அந்த உடம்பு தாங்காது. தாழ்வாரத்தில் காற்று அடிப்பதால்தான் தீ அணைகிறது, கீசரைப் பாத்ரூமுக்கு உள்ளே மாட்டிவிடு என்று மாமா சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம் சர்வீஸ்:

தம்பி, கீசரை உள்ளே மாட்டாதீர்கள். அது முதல் பேச்சு, மற்றதெல்லாம் அப்புறம்.

நான் அடுப்பு, கீசர் சர்வீஸ்தான் தொழிலாகச் செய்கிறேன். மதியம் நன்றாக எரிகிற கீசருக்குக் காலையில் மட்டும் சர்க்யூட் கெட்டுப்போகாது. கன்ட்ரோல் யூனிட்டை மாற்றுவதற்கு முன்னால் எந்த இடத்தில் வேலை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கீசரில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் எல்லாம் நடக்கும். தண்ணீர் உள்ளே வந்ததும் அந்த அழுத்தத்தில் ஒரு ரப்பர் டயாப்ரம் உப்பி ஒரு பின்னைத் தள்ளும், அந்தப் பின் மைக்ரோ சுவிட்சை அழுத்தும், சுவிட்ச் விழுந்தால்தான் பேட்டரியில் இருந்து ஸ்பார்க் அடிக்கும், கூடவே சோலனாய்டு வால்வு, அதாவது கரண்டில் திறக்கும் கேஸ் வால்வு, திறந்து கேஸ் வரும், பற்றியதும் பக்கத்தில் நிற்கும் சென்சார் கம்பி தீ இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சில நொடியில் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

இப்போது சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். டிக் டிக் சத்தமே வரவில்லை என்றால் பேட்டரி, இல்லாவிட்டால் தண்ணீர் அழுத்தம் போதவில்லை, அல்லது தண்ணீர் வரும் வழியில் இருக்கும் வடிகட்டி வலையில் மண் அடைத்திருக்கும். மலையில் செம்மண் தண்ணீர் வருகிற வீடுகளில் முக்கால்வாசிப் புகார் அந்த வலையோடு முடிந்துவிடும். சத்தம் வருகிறது, பற்றவில்லை என்றால் கேஸ் வரவில்லை. பற்றி இரண்டு மூன்று நொடியில் பட்டென்று அணைந்தால் சென்சார் கம்பியில் கரியோ பாசியோ படிந்திருக்கும், மெல்லிய உப்புத்தாளால் துடைத்தால் போதும். நீங்கள் சொல்வது இது எதுவும் இல்லை. நன்றாகப் பற்றி, சில நிமிடம் எரிந்து, மெல்லச் சிறுத்து அணைகிறது. அப்படி என்றால் கேஸ் போதிய வேகத்தில் வந்துகொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

நாளைக்குக் காலையில் ஒன்று பாருங்கள். இரண்டாவது ஆள் குளிக்கும்போது சிலிண்டர் பக்கத்தில் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பக்கம் வியர்த்து ஈரமாக இருக்கிறதா, தொட்டால் வெளிக்குளிரை விட அதிகமாகச் சில்லிடுகிறதா? சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மீதி இருக்கும் என்று தோராயமாகச் சொல்லுங்கள்.

ஒண்டிக்கடை:

எங்கள் ஹோம்ஸ்டேயிலும் இதே பிரச்சினைதான் சார். பசங்க சிலிண்டரை ஒரு வாளி கொதிதண்ணீரில் வைத்துவிடுவார்கள், கேஸ் நன்றாக வரும். கோணி சுற்றி வைத்தாலும் சூடு நிற்கும் என்று சொல்கிறார்கள்.

கோரிமேடு டீச்சர்:

ஒண்டிக்கடை தம்பி, கொதிதண்ணீர் வேலையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் இருக்கிற திரவம் சூடேறினால் அழுத்தம் மளமளவென்று ஏறும், எவ்வளவு ஏறுகிறது என்று காட்ட வீட்டு சிலிண்டரில் ஒரு மீட்டரும் கிடையாது. சிலர் கேஸ் தீரும் நேரத்தில் படுக்க வைத்து ஆட்டுவார்கள், அது இன்னும் மோசம். படுக்க வைத்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும், அந்தத் திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு பெருகும்.

கோணி விஷயமும் தலைகீழ். போர்வை நமக்குச் சூடு தருவது நம் உடம்பில் சூடு இருப்பதால். ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டர் சுற்றியிருக்கும் காற்றை விடக் குளிர்ந்தது, வெளிக்காற்றில் இருந்துதான் அது சூட்டை வாங்கிக்கொள்கிறது. கோணி சுற்றினால் அந்த வழியை அடைக்கிறீர்கள்.

மஞ்சக்குட்டை தம்பிக்கு வருகிறேன், நான் வேதியியல் நடத்துகிறவள், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேதான் கொதிக்கும். சிலிண்டர் புதிதாக இருக்கும்போது புரொப்பேன் முந்திக்கொண்டு அதிகமாக ஆவியாகும், நாள் போகப் போக அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன் பங்கு கூடிக்கொண்டே வரும். சேலத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டோம், அங்கே அடிக்கிற வெயிலுக்கு எல்லாமே ஆவியாகும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம், மார்கழி விடியலில் 12, 13 டிகிரிதான் இருக்கும், அந்தக் குளிரில் பாதி தீர்ந்த சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருக்கும்.

அதோடு திரவம் ஆவியாக வேண்டும் என்றால் அதற்குச் சூடு வேண்டும், அந்தச் சூட்டைத் தன்னிடம் இருந்தே எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் மேலும் குளிரும். அடுப்புக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஒரு பெரிய பர்னர் மணிக்கு சுமார் 150 கிராம் கேஸ்தான் இழுக்கும். ஆறு லிட்டர் கீசர் முழு வேகத்தில் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ இழுக்கும். அடுப்பு நன்றாக எரிகிறது, அதனால் கேஸ் சரியாக இருக்கிறது என்று நினைக்க முடியாமல் போவது இதனால்தான். முதல் ஆள் குளித்து முடிக்கும்போது சிலிண்டர் குளிர்ந்திருக்கும், இரண்டாவது ஆளுக்கு அழுத்தம் இருக்காது. சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும் மட்டம்தான் உள்ளே திரவம் நிற்கும் மட்டம். மட்டம் குறையக் குறைய வெளிச்சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பரப்பும் குறைகிறது.

அம்மாப்பேட்டை:

டீச்சர் சொன்னதற்கு ஒரு சாட்சி. என் தம்பி அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறான், வீட்டுக்கு வெளியே பெரிய டாங்கில் கேஸ், அதில்தான் வீடு முழுக்கச் சூடாக்கும் பர்னஸ் ஓடுகிறது. அங்கே வீட்டுக்கு வருவது ஏறக்குறைய முழுக்கப் புரொப்பேன்தான். பனி கொட்டுகிற ஊரில் பியூட்டேனை வைத்தால் அது திரவமாகவே டாங்கில் உட்கார்ந்திருக்கும்.

போன குளிர்காலத்தில் அவன் பர்னஸும் சூடாகவில்லை, வீடியோ காலில் மூடியைத் திறந்து காட்டினான். அதிலும் சூரமங்கலம் அண்ணன் சொன்ன மாதிரியே வரிசைதான். தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் புகையை வெளியே இழுக்கும் சின்ன விசிறி சுற்றும், காற்று ஓடுகிறது என்று பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொண்ட பிறகு இக்னைட்டர் தணலாகச் சிவக்கும், கேஸ் வால்வு திறக்கும், பற்றியதும் சென்சார் கம்பி சாட்சி சொல்லும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெரிய புளோவர் ஓடி வீட்டுக்குள் வெந்காற்றைத் தள்ளும். அவனுக்குப் பற்றிப் பற்றி உடனே அணைந்தது, பல தடவை முயன்றுவிட்டு மெஷினே பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டியது. எத்தனை சிமிட்டலுக்கு என்ன கோளாறு என்று மூடியின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருந்தது, படித்துப் பார்த்தால் தீ உணரப்படவில்லை என்று போட்டிருந்தது. கரண்டை நிறுத்திவிட்டு ஒரு ஸ்க்ரூ கழற்றி அந்தக் கம்பியைத் தேய்த்துப் போட்டான், ஓடிவிட்டது. அங்கேயும் முதலில் வந்த ஆள் போர்டு மாற்ற வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

வாழவந்தி நர்ஸ்:

பாத்ரூமுக்கு உள்ளே மாட்டுவதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள், இதை விளக்கிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம், எட்டடி உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்றே மொத்தம் 8 கன மீட்டர்தான். கால் மணி நேரம் கீசர் எரிந்தால் 3 கன மீட்டர் போய்விடுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு அடியில் துணி வேறு வைத்திருப்போம். ஆக்ஸிஜன் குறையத் தொடங்கியதுமே தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸில் நாற்றம் சேர்த்திருக்கிறார்களே, கசிந்தால் தெரியுமே என்று நம்பக் கூடாது, அந்த நாற்றம் எரியாத கேஸுக்கு மட்டும்தான், எரிந்த பிறகு வருவதற்கு எந்த அடையாளமும் இல்லை. முதலில் லேசாகத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருக்கும், வெந்நீர் ஆவியால் அப்படி இருக்கிறது என்று நினைப்பார்கள். அப்புறம் கால் துவண்டுவிடும். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் திறக்க முடியாமல் விழுந்தவர்களைத் தூக்கி வந்து பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் சீக்கிரமே எட்டிவிடும்.

உங்கள் மாமா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். இந்தக் கணக்கை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அம்மா குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கீசர் வெளியே இருந்தாலும்தான், ஈரத் தரையில் வழுக்கினாலாவது யாராவது உள்ளே போக முடியும்.

மஞ்சக்குட்டை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமாவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன், அவரே வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா. சிலிண்டரின் அடியில் இருந்து ஒரு சாண் உயரம் வரை முத்து முத்தாக வியர்த்து நீர் வடிந்து தரை ஈரமாகியிருந்தது, அதற்கு மேலே காய்ந்து கிடக்கிறது, நடுவில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. ஈரப்பகுதியில் கை வைத்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது. பாதிக்கும் கீழேதான் கேஸ் இருக்கும் என்று நினைக்கிறேன். மூடியின் ஜன்னல் வழியாகத் தீயையும் பார்த்தேன், நீலமாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் சில இடத்தில் மஞ்சள் நாக்கு தெரிகிறது.

அடுப்படி சிலிண்டர் போன வாரம்தான் மாற்றியது, முழுதாக இருக்கிறது. அதை இங்கே மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா?

சூரமங்கலம் சர்வீஸ்:

தாராளமாகப் பாருங்கள், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு ரெகுலேட்டரையும் மூடி, பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ இல்லாமல் மாற்றுங்கள், மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906க்கு அடியுங்கள், அது கசிவுக்கென்றே இருக்கிற எண். நம் கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு தரையாகத் தங்கும், விசிறி போட்டுக் கலைக்க நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர் வேகத்தைக் குறையுங்கள். ஆறு லிட்டர் கீசர் என்றால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்றித் தரும் என்று கணக்கு. சேலத்தில் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி இருந்தால் வெளியே வரும்போது 52, கொதிக்கிற மாதிரி இருக்கும். உங்கள் ஊரில் காலையில் தொட்டியில் 15 டிகிரி இருந்தால் அதே கீசர் 40தான் தரும், குழாயில் ஓடி பக்கெட்டில் விழுவதற்குள் அதுவும் குறையும். கீசர் சரியாக வேலை செய்தாலும் அங்கே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், பலர் இதையும் கோளாறு என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். தண்ணீர் குமிழை நிமிடத்துக்கு நாலு லிட்டர் வருகிற மாதிரி திருகி வையுங்கள், பக்கெட் நிரம்பக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் சூடு ஏறும். ரொம்பவும் குறைத்தால் டயாப்ரம் உப்பாது, அணைந்துவிடும், அந்த எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் குளிக்கும்போது வேறு குழாயைத் திறக்க வேண்டாம்.

மஞ்சள் நாக்கு நல்லதில்லை. உங்கள் உயரத்தில் காற்று கீழே இருப்பதை விட ஏழில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, அதனால் பர்னரில் தூசியோ சிலந்திக் கூடோ கொஞ்சம் இருந்தாலும் தீ மஞ்சளாகி, மேலே சூட்டைத் தண்ணீருக்குக் கடத்துகிற மெல்லிய செம்புத் தகடுகளான ஃபின்களில் கரி பிடிக்கும். கரி பிடித்தால் சூடு தண்ணீருக்கு இறங்காது. கன்ட்ரோல் யூனிட்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் சிறு பங்குக்குப் பர்னரையும் ஃபின்னையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கோரிமேடு டீச்சர்:

ஒரு யோசனை தம்பி, செலவே இல்லாதது. இனிமேல் புது சிலிண்டர் வந்தால் முதலில் கீசருக்குப் போடுங்கள், பாதி ஆனதும் அடுப்படிக்கு மாற்றிவிடுங்கள். மீதியை அடுப்பு தாராளமாக எரித்து முடிக்கும், அதற்கு அவ்வளவு அழுத்தம் தேவைப்படாது. குளிர் போகிற வரைக்கும் இப்படிச் சுற்றில் விடுங்கள். ஒருவர் குளித்து முடித்த பிறகு அடுத்தவர் கொஞ்ச நேரம் விட்டுப் போனால் சிலிண்டரும் சுதாரித்துக்கொள்ளும்.

மஞ்சக்குட்டை:

மாற்றிப் போட்டாயிற்று அக்கா. முழு சிலிண்டரில் வீட்டில் எல்லோரும் வரிசையாகக் குளித்தும் தீ சிறுக்கவில்லை, அம்மா முதல் ஆளாகப் போய்ச் சுடச்சுடக் குளித்துவிட்டு வந்தார்கள். அந்தப் பாதி சிலிண்டர் அடுப்படியில் ஒரு தடங்கலும் இல்லாமல் எரிகிறது. தண்ணீரைக் குறைத்ததும் நல்ல வித்தியாசம் தெரிகிறது. கன்ட்ரோல் யூனிட் வேண்டாம் என்று அந்த சர்வீஸ் ஆளிடம் சொல்லிவிட்டேன். வேறு ஒருவரைக் கூப்பிட்டு பர்னரைக் கழற்றினோம், உள்ளே குளவி மண் அப்பியிருந்தது, ஃபின்னிலும் கரி. துடைத்த பிறகு மஞ்சள் நாக்கு இல்லை.

காற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் தகரம் அடிக்கலாம் என்று இருக்கிறேன். அடிக்கலாமா அண்ணா?

சூரமங்கலம் சர்வீஸ்:

காற்று வருகிற ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள், கீசரை ஒட்டி வேண்டாம், ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். மேலும் கீழும் திறந்தே இருக்க வேண்டும், பெட்டி மாதிரி மூடிவிடாதீர்கள், பாத்ரூம் ஜன்னல் பக்கம் புகை திரும்புகிற மாதிரியும் வைக்க வேண்டாம். அப்படியே அந்த ஆரஞ்சு ரப்பர் குழாயின் மேல் அச்சடித்திருக்கும் வருடத்தைப் பாருங்கள், ஐந்து வருடம் ஆகியிருந்தால் தகரம் அடிக்கிற அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள்.